வெடிக்குத் தாங்காத பட்டி

முப்பத்தொரு வயதில் ஓய்வு பெற்றவள் என்று கடையில் என்னைக் கேலி செய்கிறார்கள். பொன்னாடை போர்த்தினார்கள், சேவும் கருப்பட்டி மிட்டாயும் கொடுத்தார்கள், ஒருவர் பேசக்கூட எழுந்தார். ஓய்வு பெறுகிறவர்களுக்குச் செய்கிற எல்லாவற்றையும் செய்துவிட்டார்கள். அதனால் ஓய்வு பெற்றவளாகவே எழுதுகிறேன்.

எழுதச் சொன்னவர்கள், எனக்குப் பின்னால் கடையில் சேர்ந்த இரண்டு பேர். "அக்கா, போறதுக்கு முன்னால எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார்கள். எல்லாம் என்றால் எது என்று கேட்டேன். "துருப்பிடிச்ச வண்டிய எஃப்.சி.யில பாஸ் பண்ண வைக்கிற வழி."

எஃப்.சி. என்பது வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்று ஆய்வாளர் பார்த்துக் கொடுக்கும் சான்று. எங்கள் பக்கத்தில் அந்த ஆய்வாளருக்குப் பெயர் பிரேக் இன்ஸ்பெக்டர். நான் கடையை விட்டுப் போவதே அந்த வேலைக்குத்தான். தேர்வு எழுதித் தேறி, பயிற்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். போலீஸ் வேலைக்குப் போகிறவளிடம் பூட்டு உடைக்கச் சொல்லித் தரும்படி கேட்ட மாதிரி இருந்தது. ஆனாலும் கேட்டுவிட்டார்கள். எழுதுகிறேன்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மல்லாங்கிணறு வீட்டிலிருந்து தினமும் பஸ் ஏறி பாலிடெக்னிக் போனேன். ஆட்டோமொபைல் டிப்ளமோ வாங்கினேன். எஞ்சினைப் பற்றி ஒரு அலமாரி அளவு படித்தேன். துருவைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. அது தேர்வில் வராது என்று சொல்லிவிட்டார்கள். பிறகு, விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற வழியில், ஆமத்தூர் தாண்டி ஒரு பாடி ஒர்க்ஸில் சேர்ந்தேன். அங்கே எஞ்சினையே தொடுவதில்லை. நெளிந்த தகட்டின் சொட்டை எடுப்பது, துரு எடுப்பது, பெயிண்ட் அடிப்பது, அவ்வளவுதான். தேர்வில் வராத அந்த ஒரு பக்கம்தான் எனக்கு இத்தனை வருடம் சோறு போட்டது.

கடை முதலாளி தங்கவேல் அண்ணாச்சி. அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை என்று எழுத ஆரம்பித்தால் நீண்டுவிடும். முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, வெள்ளைச் சட்டை. புகையும் தூசியும் பெயிண்டும் பறக்கிற இடத்தில் காலையில் போட்ட வெள்ளைச் சட்டை மாலையில் அப்படியே இருக்கும். எதையும் தொடாமல் வேலை வாங்கத் தெரிந்தவர். இரண்டாவது, வண்டி கொண்டுவந்தவரிடம் பேசமாட்டார், வண்டியிடம் பேசுவார். பானட்டைத் தடவி, "என்னம்மா, எங்கன வலிக்கு?" என்பார். உரிமையாளர் பக்கத்தில் நின்று, "பின்னால மட்கார்டு அண்ணாச்சி" என்று வண்டிக்காகப் பதில் சொல்வார். மூன்றாவது, அவர் வாயில் 'முடியாது' வராது. "பாத்துக்கிடுவோம்" என்பார். அதில் வகை உண்டு. வேகமாகச் சொன்னால் வேலை நடக்கும். இழுத்துச் சொன்னால் அடுத்த வாரம். வண்டியைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துச் சொன்னால், பட்டி.

பட்டி என்றால் மாவு மாதிரி ஒரு பசை. கெட்டியாக்கும் மருந்தைக் கலந்து தகட்டில் அப்பினால் சீக்கிரம் இறுகிவிடும். உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் கன்னம் போல வழவழப்பாகும். சிறிய சொட்டைக்கு அது சரியான மருந்து; நானே அப்பியிருக்கிறேன். துருப்பிடித்த ஓட்டைக்கு அது முகப்பவுடர். ஓட்டை உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும். சரியான வேலை எது என்றால், அழுகிய தகட்டை நல்ல தகடு வரும்வரை வெட்டி எறிய வேண்டும், புதுத் தகட்டை அளந்து வெட்டிப் பற்றவைக்க வேண்டும், இரண்டு பக்கமும் துருத் தடுப்புப் பூச வேண்டும். பட்டி அதற்கெல்லாம் மேலே, தோசைக்கு எண்ணெய் விடுகிற அளவுக்குத்தான்.

அண்ணாச்சி தோசையே பட்டியில் சுடுவார்.

நான் வெட்டச் சொல்வேன். அவர் அப்பச் சொல்வார். "இன்ஜினியரம்மா, நீ வண்டிய வெட்டிக்கிட்டே போனா கடைசியில சாவிதான் மிஞ்சும்" என்பார். "நீங்க அப்பிக்கிட்டே போனா வண்டியே இல்லாம பட்டி மட்டும் ஓடும் அண்ணாச்சி" என்பேன். வருடக்கணக்காக இதே பேச்சு. இரண்டு பேருக்கும் அலுக்கவில்லை.

எதிர்ப்பக்கத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர். பல பேர் மாறி மாறி வந்தார்கள். நான் சொல்லப்போவது ஒருவரைப் பற்றி. மெல்லிய ஆள், மெல்லிய குரல். கையில் நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்று இருக்கும். வண்டியை நெருங்கியதும், உரிமையாளரைப் பார்த்து, வீட்டுக் கதவைத் தட்டுகிறவர் போல, "தட்டலாமா?" என்று அனுமதி கேட்பார். யாரும் கூடாது என்று சொன்னதில்லை. ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிப் பிடித்து, மரக்கைப்பிடியால் கதவின் அடி, தரை, மட்கார்டு என்று வரிசையாகத் தட்டுவார். தட்டும்போது கண்ணை மூடிக்கொள்வார். நல்ல தகடு மணி மாதிரி பதில் சொல்லும். பட்டி, தலையணையைத் தட்டினது மாதிரி. துரு, உள்ளே யாரோ மிக்சரை மெல்லுகிற மாதிரி. சத்தம் பிடிக்கவில்லை என்றால் கண்ணைத் திறப்பார், ஸ்க்ரூ டிரைவரை நேராகப் பிடித்துக் குத்துவார். அவ்வளவுதான். திட்ட மாட்டார்.

தட்டி முடித்ததும் சட்டைப் பையிலிருந்து சின்னக் காந்தம் ஒன்றை எடுத்து ஒட்டிப் பார்ப்பார். இரும்பில் ஒட்டும், பட்டியில் விழும்.

அண்ணாச்சி இதற்கெல்லாம் வழி வைத்திருந்தார். காந்தத்துக்காக, கிரைண்டர் அடியில் சேர்கிற இரும்புத்தூளைப் பட்டியில் கலக்கச் சொல்வார். காந்தம் கொஞ்சம் தயங்கிவிட்டு ஒட்டிக்கொள்ளும். சத்தத்துக்காக, ஓட்டையின் பின்னால் விறைப்பான அட்டை ஒன்றைப் பசை போட்டு ஒட்டி, அதன்மேல் மெல்லிசாகப் பட்டி இழுக்கச் சொல்வார். தலையணைச் சத்தம் போய், ஏதோ ஒரு 'டக்' வரும். அட்டைக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? திருத்தங்கல் அச்சகங்களில் பட்டாசு லேபிள் அடித்துக் கழித்த அட்டைகள் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். பளபளப்பான வார்னிஷ் போட்ட, தண்ணீர் சீக்கிரம் இறங்காத அட்டை. கடலூரிலோ கோயம்புத்தூரிலோ தகடு வேலை செய்கிற ஒரு டிங்கருக்கு இது தோன்றவே தோன்றாது.

எல்லாவற்றுக்கும் மேலே எங்கள் கடையில் ஒரு சொந்த வழக்கம் இருந்தது. வேலை முடிந்த வண்டியை எஃப்.சி.க்கு அனுப்பும் முன்னால், கடையிலிருந்து தள்ளி ரோட்டோரம் நிறுத்தி, பின் சக்கரத்திலிருந்து சற்றுத் தூரத்தில் ஒரு லட்சுமி வெடியைக் கொளுத்துவார் அண்ணாச்சி. பார்க்கிறவர்கள் சகுனத்துக்கு வெடிக்கிறார்கள் என்று நினைப்பார்கள். வெடி முடிந்ததும் அண்ணாச்சி குனிந்து, கடைசியாக அப்பிய இடங்களைப் பார்ப்பார். பட்டி விரியாமல் இருந்தால், "வெடிக்குத் தாங்குனா இன்ஸ்பெக்டருக்குத் தாங்கும்" என்று அனுப்பிவிடுவார். விரிந்திருந்தால் வண்டி திரும்ப உள்ளே வரும். உலகத்தில் வேறு எந்தப் பட்டறையிலும் இப்படி ஒரு தரப் பரிசோதனை இருக்காது. எனக்கு அது பிடிக்காது. ஆனால் பலன் இருந்தது என்பதை மறுக்க முடியாது. எத்தனையோ வண்டி அந்த வெடியால் பிடிபட்டு, என் கைக்கு, வெட்டுவதற்கு வந்திருக்கிறது.

இப்போது வேனுக்கு வருகிறேன்.

ஆமத்தூர் முத்துமாரி அக்காவின் வேன் அது. அக்கா முதலில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லேபிள் ஒட்டுகிற வேலையில் இருந்தவர். தரையில் உட்கார்ந்து ஒட்டி ஒட்டி முதுகு போய்விட்டது. பிறகு ஓட்டக் கற்றுக்கொண்டு, ஒரு பழைய வேனை வாங்கி, அதே கம்பெனிக்குக் காலையில் பெண்களை ஏற்றிப் போய் மாலையில் இறக்கிவிடுகிறார். ஓட்டுகிற சீட்டில் சாய்ந்து உட்காரலாம் என்பதுதான் அவருக்கு அந்த வேனில் மிகவும் பிடித்த விஷயம்.

ஒரு சனிக்கிழமை மதியம் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். அண்ணாச்சி வழக்கம்போல வேனைத் தடவி, "என்னம்மா, எங்கன வலிக்கு?" என்றார்.

"அதுக்கு ஒண்ணும் வலிக்கலை. எனக்குத்தான் வலிக்கு" என்றார் அக்கா. "திங்கக்கிழமை எஃப்.சி. சாயங்காலம் பேப்பரக் காட்டலைன்னா செவ்வாக்கிழமை காலையில கம்பெனி கேட்டுக்குள்ள விடமாட்டாங்களாம். வேற வேன் பேசி வச்சிருக்காரு மேனேஜரு. சீசன் நேரம், ஒருநாள் விட்டா அம்புட்டுத்தான். அப்புறம் நான் திரும்பப் போயி லேபிள் ரூம்ல சம்மணம் போட வேண்டியதுதான்."

நான் உள்ளே ஏறி ரப்பர் மேட்டின் ஓரத்தைத் தூக்கினேன். கை உள்ளே போனது. தரை இல்லை. கீழே ரோடு தெரிந்தது.

விருதுநகர்ப் பக்கம் துரு பிடிக்கக் காரணம் வேண்டும். மழை குறைவு, கடல் இல்லை, காற்று காய்ந்தது. அதனால்தான் இங்கே பட்டாசுத் தொழிலே வந்தது. இந்தத் துருவுக்குக் காரணம் கால்கள். பட்டாசுக்கு நிரப்பும் வெடிப்பொடியை இங்கே மருந்து என்பார்கள். மருந்து தொடுகிறவர்கள் வெளியே வரும்போது கைகால் கழுவித்தான் வர வேண்டும். கழுவுவார்கள், ஒழுங்காக. ஈரக்காலோடு வேனில் ஏறுவார்கள். அந்த ஈரம் மேட்டுக்கு அடியில் இறங்கி, வருடம் முழுக்கக் காயாமல் இருந்திருக்கிறது. பாதுகாப்புக்காகக் கழுவிய கால்களே வேனின் தரையைத் தின்றுவிட்டன.

இன்னொன்றும் மேட்டுக்கு அடியில் இருந்தது. கால்களைக் கழுவலாம், சேலை மடிப்பை யார் கழுவுவது? மடிப்பில் தங்கி வந்தது உதிர்ந்து உதிர்ந்து, சீட்டுக் கால்களைச் சுற்றி, வெள்ளி கலந்த சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய படலம்.

வெல்டிங் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தவரை அப்படியே நிற்கச் சொன்னேன். அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். ஒரு தகரத் துண்டில் கொஞ்சம் வழித்து எடுத்தார். ரோட்டைத் தாண்டிக் காய்ந்த ஓடைக்குள் இறங்கினார். சாமி படத்துக்கு வைத்திருந்த ஊதுபத்தியைக் கொண்டுவரச் சொல்லி, கையை நீட்டித் தொட்டார்.

'சுர்' என்று ஒரு வெள்ளை வெளிச்சம். கண் கூசிவிட்டது. அவ்வளவுதான், ஒரு சிட்டிகைக்கு.

அண்ணாச்சி மேலே ஏறி வந்தபோது வெள்ளைச் சட்டையில் முதல்முறையாகக் கரி இருந்தது. "ஏலே, பீடி, தீப்பெட்டி, போன் எல்லாம் ரோட்டுக்கு அந்தப் பக்கம். இன்ஜினியரம்மா சொல்ற வரைக்கும் இந்த வேன்கிட்ட ஒரு பொறி வரக்கூடாது. வெடி டெஸ்ட்டும் கெடையாது." இப்படி அவர் என் பேச்சைக் கேட்டது அதுதான் முதல்முறை.

என்ன செய்தோம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். இதைப் படிக்கிற நீங்கள் இரண்டு பேரும் இந்தப் பகுதியை மட்டும் மறக்கக்கூடாது. மேட்டை இழுத்துக் கழற்றவில்லை; முதலில் தண்ணீரை ஊற்றி ஊறவிட்டு, ஈரத்தோடு தூக்கினோம். கம்பி பிரஷ் தொடவில்லை. தேங்காய் நாரும் சோப்புத் தண்ணீரும்தான். சீட்டுகளைக் கழற்றி வெளியே வைத்துத் தனியாகக் கழுவினோம். மின் கட்டர் வேண்டாம் என்று, அழுகிய தரையைத் தகரக் கத்தரியால், ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு, கையால் வெட்டினோம். திரும்பவும் கழுவினோம். திரும்பவும்.

நடுவில் வேனில் வழக்கமாகப் போகும் பெண்களில் நாலைந்து பேர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்துவிட்டார்கள். அக்காதான் சொல்லி அனுப்பியிருந்தார்.

"எங்க மருந்த நாங்களே கழுவுறோம், தள்ளுங்க" என்றாள் ஒருத்தி.

"அண்ணாச்சி, நீங்களும் ஒரு வாளி தூக்குனா என்ன? சட்டைதான் ஏற்கெனவே கரியாயிருச்சே" என்றாள் இன்னொருத்தி.

அண்ணாச்சி வாளி தூக்கினார். அதையும் நான் முதல்முறையாகப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒவ்வொரு மூலையிலும் வழித்தெடுத்த ஈரத்தைக் காயவைத்து, ஓடைக்குள் கொண்டுபோய் ஊதுபத்தியால் தொட்டுச் சோதித்தேன். எதுவும் பற்றவில்லை. அதன் பிறகுதான் வெல்டிங் வேனுக்கு அருகில் வந்தது. சீட்டுப் பெல்ட் மாட்டுகிற இடத்தில் இரட்டைத் தகடு. கதவின் அடிச்சட்டம் முழுக்கப் புதிது. கடையில் இருந்த ஷீட், அதாவது புதுத் தகடு, அத்தனையும் அந்தத் தரைக்கே போய்விட்டது. இருட்டும் நேரத்தில் நான் வேனுக்கு அடியில் படுத்து, கைப்பிடியால் தட்டிப் பார்த்தேன். மணி மாதிரி கேட்டது. அவ்வளவு சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

நான் வீட்டுக்குப் போனதுதான் தப்பாகப் போயிற்று. பின்பக்க இடது மட்கார்டில் இரண்டு உள்ளங்கை அளவுக்கு ஓட்டை இருந்தது. காலையில் கொஞ்சம் ஷீட் வாங்கி அதையும் முடித்துவிடலாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். காலையில் வந்து பார்த்தால் அங்கே வழவழவென்று பெயிண்ட் அடித்திருந்தது.

"யாரு அண்ணாச்சி இது?"

"பாத்துக்கிடுவோம்" என்றார், வானத்தைப் பார்த்து.

அதைப் பிய்த்துத் திரும்பச் செய்ய நேரமில்லை. எஃப்.சி. நடக்கும் மைதானத்தில் வண்டிகள் வரிசையில் நிற்க ஆரம்பித்திருந்தன. அக்கா ஏற்கெனவே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானும் அண்ணாச்சியும் பின்னால் ஏறினோம். வழியில் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் அண்ணாச்சி கண்ணை மூடினார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். "தட்டலாமா?" என்று அக்காவிடம் கேட்டார்.

"தட்டுங்க சார். கதவைத் தொறந்துதான் வச்சிருக்கேன்" என்றார் அக்கா.

அவர் கண்ணை மூடித் தரையை மூலை மூலையாகத் தட்டினார். பாதியில் கண்ணைத் திறந்து, ஏதோ பாட்டை ரசித்த மாதிரி என்னைப் பார்த்தார். "யாரு வெல்டிங்?" என்றார். நான் கையைத் தூக்கினேன். தலையாட்டினார். பெல்ட் மாட்டும் இடத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பிறகு மட்கார்டுக்கு வந்தார். தட்டினார். 'டக்.' சற்று நின்றார். திரும்பத் தட்டினார். 'டக்.' காந்தத்தை எடுத்தார். காந்தம் கொஞ்சம் தயங்கி, ஒட்டிக்கொண்டது. அண்ணாச்சி பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. இன்ஸ்பெக்டர் காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு, சான்று எழுதுவதற்காக முன்பக்கம் போனார்.

அந்த நேரம் பார்த்து, வெளியே ரோட்டில், எஃப்.சி. பாஸான ஒரு லோடு ஆட்டோக்காரர் சரவெடியைக் கொளுத்திப் போட்டார். எங்கள் ஊரில் சந்தோஷத்துக்கு வேறு என்ன செய்வார்கள்? நீளமான சரம். சுவர் அதிர்ந்தது, வேன் கண்ணாடி கிடுகிடுத்தது. கடைசி வெடி முடிந்து அமைதியானதும், மைதானத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு சத்தம் வந்தது.

'பொத்.'

மட்கார்டின் கன்னம் கழன்று கீழே கிடந்தது. எந்த வேனுக்கு வெடி டெஸ்ட் வேண்டாம் என்று தள்ளினோமோ, அந்த வேனுக்கு டெஸ்ட்டை வேறொருவர் செய்துவிட்டுப் போய்விட்டார். ஓட்டைக்குள்ளிருந்து, வார்னிஷ் பளபளப்போடு, கையில் கம்பி மத்தாப்பு பிடித்த ஒரு கொழுகொழுக் குழந்தை எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தார். குனிந்து குழந்தையைப் பார்த்தார். இரண்டு விரலால் மெதுவாக அதை உரித்தார். அடியில் இன்னொரு குழந்தை. அதற்கும் அடியில் இன்னொன்று. மூன்றும் ஒரே சிரிப்பு.

"இது யாரோட குழந்தை?" என்றார், அதே மெல்லிய குரலில்.

முத்துமாரி அக்கா பக்கத்தில் வந்து பார்த்தார். "எங்க கம்பெனிப் புஸ்வாணம் சார் இது. இந்த மூஞ்சிய நான் எம்புட்டு ஒட்டியிருப்பேன்" என்றார். பிறகு அண்ணாச்சி பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, லேபிள் ஒட்டுற வேலைய விடணும்னுதான் நான் வேன் வாங்குனேன். நீங்க என் வேனுக்கே லேபிள ஒட்டிவிட்டீகளே!"

மைதானமே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. அண்ணாச்சியும் சிரிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் மூன்று குழந்தைகளையும் மடித்துச் சட்டைப் பையில், காந்தத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "தரை நல்லா இருக்கு. அதுக்காகச் சொல்றேன். நான் மைதானத்தை விட்டுக் கிளம்புறதுக்குள்ள இதைத் தகடு வச்சுக் கொண்டாங்க. இல்லைன்னா ரிஜெக்ட்டுதான்."

கடைக்கு விரட்டிக்கொண்டு வந்தோம். ஷீட் ஒரு துண்டு இல்லை. இரும்புக் கடைக்குப் போன் போட்டால், பஜாரில் ஒரு பெரிய வியாபாரி வீட்டுத் துக்கம், எல்லாக் கடையும் அடைப்பு. பழைய இரும்புக் குவியலில் தேடினோம், எல்லாம் துரு. துருவை வெட்டிவிட்டுத் துருவை வைக்க முடியாது. அண்ணாச்சி எல்லா மூலையிலும் தேடிவிட்டு, கடைசியில் பட்டி டப்பாவின் மூடியைத் தூக்கிப் பார்த்து, நான் முறைத்ததும் கீழே வைத்தார்.

அக்கா கடை வாசலில் இடுப்பில் கைவைத்து நின்று, மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தா தொங்குதே, அது என்ன தகரமாம்?"

எல்லோரும் மேலே பார்த்தோம். கடையின் பெயர்ப் பலகை. அண்ணாச்சி சிவகாசியில் தனியாகச் சொல்லி எழுதவைத்தது. மேல் வரியில் 'தங்கவேல் பாடி ஒர்க்ஸ்'. கீழ் வரியில், சின்ன எழுத்தில், 'துரு நீக்கம் எங்கள் சிறப்பு'. நல்ல கனமான தகடு. எல்லாவற்றிலும் சிக்கனம் பார்க்கிறவர் அதில் மட்டும் பார்க்கவில்லை. நாள்தோறும் துடைக்கச் சொல்வார். ஒரு பொட்டுத் துரு கிடையாது.

"அதுலயா?" என்றார் அண்ணாச்சி.

"பாத்துக்கிடுவோம் அண்ணாச்சி" என்றேன், வேகமாக.

அவர் கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்தார், வேனைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு ஏணியை அவரே எடுத்துவந்து சாத்தினார்.

மேல் வரியை நான் தொடவில்லை. கீழ் வரியின் வலது பக்கத்திலிருந்து, ஓட்டைக்கு அளவாக ஒரு துண்டு எடுத்தேன். ஓரத்துப் பெயிண்டைச் சுரண்டிவிட்டு, அழுகிய ஓரம் போக மட்கார்டை வெட்டி, துண்டை வளைத்துப் பொருத்திப் பற்றவைத்தேன். வெளிப்பக்கம் தேய்த்துப் பிரைமரும் வெள்ளையும் அடித்தோம். உட்பக்கம் துருத் தடுப்புக் கருப்பைப் பூச நேரமில்லை. நேரமில்லை என்பது பாதி உண்மை. மீதிப் பாதி, எழுத்து எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதை வைக்கும்போதே முடிவு செய்திருந்தேன்.

இன்ஸ்பெக்டர் கிளம்பத் தயாராக நின்றார். "தட்டலாமா?" என்றார். கண்ணை மூடினார். தட்டினார். மணி. காந்தத்தை எடுக்கவே இல்லை. டார்ச்சை அடித்துச் சக்கரத்துக்கு மேலே உட்பக்கம் பார்த்தார். அங்கே, மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தில், 'எங்கள் சிறப்பு' என்று இருந்தது.

கொஞ்ச நேரம் தலையை உள்ளேயே வைத்திருந்தார். தோள் மட்டும் குலுங்கியது. வெளியே வந்தபோது முகத்தைச் சரியாக்கியிருந்தார். "நல்லாத்தான் இருக்கு. ஊருக்குப் போனதும் உள்ள கருப்பு அடிச்சிருங்க" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அக்கா பேப்பரை வாங்கிக்கொண்டு நேராக டிரைவர் சீட்டில் ஏறி, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு ஹாரனை ஒருமுறை அடித்துவிட்டுக் கம்பெனிக்குப் போனார். காலையில் பஸ்ஸில் போன பெண்களைக் கூட்டிவர நேரமாகிவிட்டது.

அண்ணாச்சி பலகையை மாற்றவில்லை. இன்றைக்கும் அது 'துரு நீக்கம்' என்பதோடு நிற்கிறது. அடுத்து ஒரு நீள்சதுரமான ஓட்டை, அதற்குள் வானம். வருகிறவர்கள் கேட்டால், "மீதி ஆமத்தூர்ல ஓடிக்கிட்டு இருக்கு" என்பார்.

பொன்னாடை போர்த்திய அன்று எல்லோரும் மிட்டாயில் மும்முரமாக இருந்தபோது, அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சட்டை வெள்ளையாக இருந்தது.

"தாயி, ஒண்ணு கேக்கணும். நீ எந்த ஊர்ல இருந்தாலும் சரி. நம்ம கடை வேலை பாத்த வண்டி எதுவும் உன் முன்னால வந்து நின்னுச்சுன்னா, கொஞ்சம் கண்ண மூடிக்கிடணும்."

"கட்டாயம் மூடிக்கிடுறேன் அண்ணாச்சி" என்றேன். "தட்டுறப்போ கண்ண மூடுனாத்தான் நல்லாக் கேக்கும்."

அவர் கடைக்குள் திரும்பி, மிட்டாய் தின்றுகொண்டிருந்த உங்கள் இருவரையும் பார்த்துச் சத்தம் போட்டது உங்களுக்கே நினைவிருக்கும்.

"ஏலே, இரும்புக் கடைக்குப் போனப் போட்டு ஒரு லோடு ஷீட் சொல்லுங்கலே!"